நேசையாவின் பரிசோதனை முடிவு

மானிப்பாயில் கணினி திருத்தும் கடை வைத்திருந்த ஜெயசுதனிடம் நவமணி ரீச்சர் ஒரு புதன்கிழமை மத்தியானம் பழைய மடிக்கணினி ஒன்றைக் கொண்டுவந்தார். பள்ளிக்கூடத்தில் அவனுக்குக் கணக்குப் படிப்பித்தவர். அவரைக் கண்டால் அவனுக்கு இன்றைக்கும் கதிரையில் இருக்க வராது.

"தம்பி, இவரின்ரை தொண்டைக் கட்டியிலை சதை எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினவை. முடிவை இதிலை பாக்கலாமாம். திறந்தால் 'இணைப்புப் பாதுகாப்பானதில்லை' எண்டு ஒரு எச்சரிக்கை வருது. மூண்டு நாளாய் மனிசன் விடியக்காத்தாலை எழும்பி இதோடைதான் மினைக்கெடுகிறார்."

அவர் கணவர் நேசையா எதிர்ப்பக்கத் தையல்கடையில் கோட்டுப் போட்டு அளவு பார்த்துக்கொண்டிருந்தார். பத்து நாளில் மகள் மதுஷாவுக்குக் கலியாணம்.

ஜெயசுதன் வேறு இரண்டு தளங்களைத் திறந்து பார்த்தான். அவற்றிலும் அதே எச்சரிக்கை. பிறகுதான் திரையின் மூலையில் இருந்த திகதி கண்ணில் பட்டது. பத்து வருசம் பின்னுக்கு நின்றது.

"ரீச்சர், உள்ளுக்கை ஒரு சின்னப் பற்றறி செத்துப்போச்சு. அதுதான் ஒவ்வொருக்காலும் திகதி பிழைக்குது. தளத்தின்ரை சான்றிதழ் இந்த வருசத்தது. இதுவோ பழைய வருசம் எண்டு நினைச்சுக்கொண்டு அதை நம்பமாட்டன் எண்டு நிக்குது."

பற்றறியை மாற்றித் திகதியைச் சரிசெய்தான். பக்கம் திறந்தது. ரீச்சர் பரிசோதனை இலக்கத்தைச் சொல்லச் சொல்ல அடித்தான். அறிக்கை வந்ததும் முகத்தைத் திருப்பத்தான் பார்த்தான். அதற்குள் கடைசி வரியில் புற்றுநோய் என்பதற்கான ஆங்கிலச் சொல் தெரிந்துவிட்டது.

ரீச்சர் இரண்டு தரம் வாசித்தார். மூடியைச் சாத்தினார்.

"ஜெயசுதன், அந்தப் பழைய பற்றறியைத் திரும்பப் போடும்."

"ரீச்சர்?"

"பிள்ளையின்ரை கலியாணம் முடியட்டும். அடுத்தநாள் நானே சொல்லுவன்."

"டொக்டரிட்டையெண்டாலும் உடனை..."

"பத்து நாள்தானே."

அவருக்கு மாட்டேன் என்று சொல்லி அவனுக்குப் பழக்கமில்லை. போட்டான்.

நேசையா கோட்டை முழங்கையில் போட்டபடி வந்தார். குரல் அப்போதே கரகரத்திருந்தது. "என்ன தம்பி, சரிவந்ததோ?"

ரீச்சர் நிலத்தைப் பார்த்தார்.

"இல்லை ஐயா. அவையின்ரை பக்கத்திலைதான் பிழை. கொஞ்சநாள் பொறுத்துப் பாருங்கோ."

"நான் இவவுக்கு அப்பவே சொன்னனான்!" என்று நேசையா சந்தோசமாகச் சிரித்தார்.

கலியாணத்துக்கு ஜெயசுதனும் போனான். அந்தக் கோட்டோடு நேசையா ஆட்களை வரவேற்றுக்கொண்டு நின்றார். மறுநாள் ரீச்சர் சொல்லியிருப்பார், வைத்தியம் தொடங்கியிருக்கும் என்று அவன் தன்பாட்டில் நினைத்துக்கொண்டான்.

இரண்டு மாதம் கழித்து நேசையா தனியே சைக்கிளில் வந்தார். கழுத்தில் மப்ளர். மடிக்கணினி பையில் தொங்கியது. குரல் வெறும் காற்றாகத்தான் வந்தது.

"மகள் அவுஸ்ரேலியாவுக்குப் போயிட்டாள். இனி வீட்டிலை வேலையில்லை. டொக்டர் முடிவைப் பாத்திட்டுப் பயமில்லை எண்டவராம், இவ சொல்லுறா. எண்டாலும் வரவர விழுங்க ஏலாமல் கிடக்கு. ஒருக்கா நானே பாக்கவேணும்."

ரீச்சர் இன்னும் சொல்லவில்லை என்று ஜெயசுதனுக்கு விளங்கியது. இன்னொரு பொய் சொல்ல வாய் வரவில்லை. பற்றறியை மாற்றினான்.

நேசையா விரலை வைத்து வரிவரியாக வாசித்தார். முடிந்ததும் விரல் மேலே திகதிக்குப் போனது.

"இது அப்பவே வந்திருக்குது."

"ஓம் ஐயா."

"இவ பாத்தவவோ?"

"ஓம். நானும் பாத்தனான். நான்தான் திரும்பத் திறக்கேலாமல் செய்தனான்."

நேசையா விரலைத் திரையிலிருந்து எடுத்தார். பிறகு, "இவ அழுதவவோ?" என்று கேட்டார்.

"இல்லை ஐயா."

"வீட்டிலையும் அழேல்லை." மப்ளரை இறுக்கிக்கொண்டார். "உதிலை ஒரு பிரதி எடுத்துத் தாரும். நாளைக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேணும்."

கத்தி வைக்கும் கட்டம் தாண்டிவிட்டது என்றார்கள். கதிர்வீச்சுச் சிகிச்சை கொடுத்தார்கள். நத்தார்ப் பண்டிகைக்கு முதல் கிழமை நேசையா போய்விட்டார்.

செத்தவீட்டில் ரீச்சர் அவனைக் கிட்டக் கூப்பிட்டார்.

"அண்டைக்கே கொண்டுவந்திருந்தால் வெட்டி எடுத்திருக்கலாமாம். ஒவ்வொரு நாளும் சொல்லத்தான் போவன். அவர் பிள்ளையோடை ரெலிபோனிலை சிரிச்சுக் கதைச்சுக்கொண்டிருப்பார்." கண் காய்ந்திருந்தது. "நீர் பத்து நாள்தான் தந்தனீர், தம்பி. மிச்சம் நான் எடுத்தது."

அந்த இரண்டு மாதமும் ரீச்சர் வீட்டு ஒழுங்கை வழியாகத்தான் அவன் கடைக்குப் போய்வந்தான். ஒருநாள்கூடப் படலையைத் திறந்து உள்ளே போய், சொல்லிவிட்டீர்களா என்று கேட்கவில்லை.

சவப்பெட்டி தூக்க ஓராள் குறையுது என்று யாரோ கூப்பிட்டார்கள். போய்த் தோள் கொடுத்தான்.