மூன்றாம் மாடிக் கூடை

நகரின் நடுவில் இருந்த அந்தக் கடைவீதியில் பகலில் நடக்க இடமிருக்காது. கோர்ட்டுக்குப் போகிறவர்களும் பஸ் பிடிக்க ஓடுகிறவர்களும் இடித்துக்கொண்டுதான் போவார்கள். ஷட்டர்கள் இறங்கிவிட்டால், கடைகளுக்கு மேலே குடியிருக்கும் சிலர்தான் மிச்சம். யார் வீட்டு மிக்ஸி கெட்டுப்போயிருக்கிறது, எந்த வீட்டில் புருஷன் பெண்டாட்டிக்குள் பேச்சு வார்த்தை இல்லை என்பதெல்லாம் அவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

பழைய மூன்று மாடிக் கட்டடம் ஒன்றின் கீழே செல்போன் ரிப்பேர் கடை. கடைக்காரரும் அவர் மனைவியும் பின்பக்க அறைகளில் குடியிருந்தார்கள். மூன்றாம் மாடியில் எக்ஸ்சேஞ்ச் அக்கா தனியாக இருந்தார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. காது அவ்வளவு கூர்மை. படியில் கேட்கும் காலடியை வைத்தே யார் வருகிறார்கள் என்று சொல்லிவிடுவார். "ஊர் பேச்சை எல்லாம் கேட்டுக் கேட்டு வளர்ந்த காது" என்று அவரே சிரிப்பார்.

முட்டி வலி வந்த பிறகு அவர் கீழே இறங்குவது குறைந்துபோனது. ஜன்னல் கம்பியில் கயிறு கட்டி ஒரு கூடையைத் தொங்கவிட்டிருந்தார். கூடையின் காதில் சின்ன மணி. கயிற்றைப் பிடித்து ஆட்டினால் கீழே மணி அடிக்கும். பால், ரொட்டி, மாத்திரை எல்லாம் அந்தக் கூடையில்தான் மேலே போகும். அந்த நேரம் கையில் வேலை இல்லாத கடைக்காரர் யாராவது எழுந்து வந்து, "என்னக்கா வேணும்?" என்று அண்ணாந்து கேட்பார்.

அக்காவின் செல்போன் கெட்டுப்போய் ரிப்பேர் கடைக்கு வந்தது. சார்ஜ் ஏறவில்லை. பெரிய வேலை ஒன்றுமில்லை. ஆனால் அவசரப்படுத்துகிறவர்கள் எப்போதும் கடை வாசலிலேயே நின்றார்கள்; அக்காவோ மாடியில் இருந்தார். அவர் போன் மேஜை இழுப்பறையில் பின்னுக்குப் பின்னுக்குப் போய்க்கொண்டிருந்தது. கூடை மணி அடிக்கும். "தம்பி, போன் ஆச்சா?" என்று மேலிருந்து குரல் வரும். "நாளைக்குக் கண்டிப்பா தந்துடறேன்க்கா" என்பார் ரிப்பேர்க்காரர். மறுநாளும் அதே கேள்வி, அதே பதில். கடைசியில் அந்த மணிச் சத்தம் கேட்டாலே அவருக்கு எரிச்சல் வர ஆரம்பித்தது.

அன்று காலை ஒரு வக்கீலின் போனைப் பிரித்துப் போட்டு, கண்ணில் லென்ஸ் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மணி அடித்தது. அவர் நிமிரவில்லை. மறுபடியும் அடித்தது, இந்த முறை விட்டு விட்டு, ஒழுங்கில்லாமல். கை நீட்டி ஸ்பீக்கரில் பாட்டுச் சத்தத்தைக் கூட்டினார். அப்புறம் மணி அடித்ததா இல்லையா என்பதே தெரியவில்லை. நிம்மதியாக வேலையை முடித்தார்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மனசு லேசாக உறுத்தியது. அக்கா போனை எடுத்தார். உட்கார்ந்தால் ஒரு டீ குடிக்கிற நேரத்து வேலைதான் அது. முடித்துக் கூடையில் வைக்கப் போனபோது, கூடை சுவரில் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. "அக்கா" என்று கூப்பிட்டார். ஜன்னலில் தலை தெரியவில்லை. இன்னும் உரக்கக் கூப்பிட்டார்.

படிகளில் ஓடினார். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. சத்தம் கேட்டுப் பக்கத்துப் பூட்டுக்கடைக்காரர் வந்து கதவை நெம்பித் திறந்தார். அக்கா ஜன்னலுக்குக் கீழே தரையில் கிடந்தார். இடுப்பு முறிந்திருந்தது, உதடு காய்ந்திருந்தது. கயிற்றின் நுனி இன்னும் விரல்களில் சுற்றியிருந்தது. கண் திறந்து அவரைப் பார்த்தார். பேச முடியவில்லை.

ஆம்புலன்ஸ் போன பிறகு வீதியே ரிப்பேர் கடை வாசலில் கூடிவிட்டது.

"நல்லவேளை, நீங்க பாத்தீங்க" என்றாள் ஜெராக்ஸ் கடைக்காரம்மா.

"வேற யாருக்காவது தோணியிருக்குமா? நல்ல மனசுங்க உங்களுக்கு" என்றார் ஜூஸ் கடைக்காரர்.

ரிப்பேர்க்காரர் கடைக்குள் போய்விட்டார். அந்தப் பாராட்டு வாரக்கணக்கில் ஓடியது. போன் ரிப்பேருக்கு வந்தவர்கள்கூட, "அந்த அம்மாவைக் காப்பாத்தினவர் நீங்கதானே?" என்று கேட்டார்கள். ஒவ்வொரு முறையும் முகம் சூடாகும், குனிந்துகொள்வார். எவ்வளவு அடக்கம் என்று அதற்கும் ஒரு பாராட்டு வந்தது. சோறு இறங்கவில்லை. மனைவியிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னார்.

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"வெளிய சொல்லாதீங்க" என்றாள். துணியை மறுபடி கையில் எடுத்து, "சொல்லாமலும் உங்களால இருக்க முடியாது. மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது" என்றாள்.

ஒரு சாயங்காலம் ஜூஸ் கடையில் அவரோடு ஜெராக்ஸ் கடைக்காரம்மா, பூட்டுக்கடைக்காரர் என்று நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஜூஸ் கடைக்காரர் புதிதாக வந்த ஒரு வாடிக்கையாளரிடம் அந்தக் கதையைக் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். ரிப்பேர்க்காரரால் பொறுக்க முடியவில்லை.

"அண்ணே, போதும் நிறுத்துங்க. அன்னிக்குக் காலையிலயே எனக்கு மணி கேட்டுச்சு. போன் கேக்கத்தான் அடிக்கறாங்கன்னு நான் பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வெச்சுக்கிட்டேன்."

திட்டுவார்கள் என்று காத்திருந்தார். திட்டினால் தேவலை என்றிருந்தது.

ஜெராக்ஸ் கடைக்காரம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள். "எனக்கும் கேட்டுச்சு" என்றாள் தரையைப் பார்த்து. "உங்க கடைக்குத்தான்னு நினைச்சேன்."

ஜூஸ் கடைக்காரர் கையிலிருந்த டம்ளரை வைத்தார். "எனக்கும் கேட்டுது. ரொம்ப நேரம் அடிச்சுது" என்றார். பூட்டுக்கடைக்காரர் எழுந்து சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார். புதிதாக வந்தவருக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

மறுநாள் ரிப்பேர்க்காரர் அக்கா போனுக்குச் சார்ஜ் ஏற்றி எடுத்துக்கொண்டு முதல் தடவையாக ஆஸ்பத்திரிக்குப் போனார். அக்கா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மெலிந்திருந்தார். காலடியைக் கேட்டதுமே திரும்பாமல், "வாங்க தம்பி" என்றார்.

அவர் போனை மேஜையில் வைத்தார். வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்ததைச் சொல்ல ஆரம்பித்தார்.

"அக்கா, அன்னிக்கு நீங்க மணி அடிச்சப்ப..."

"தெரியும்" என்றார் அக்கா. "பாட்டுச் சத்தம் திடீர்னு கூடுச்சு."

அவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"அதைக் கேட்டதும்தான் எனக்குத் தைரியம் வந்துச்சு. தம்பி கடையில இருக்காரு, எப்படியும் வருவாருன்னு நினைச்சேன். அந்தப் பாட்டுங்களைக் கேட்டுக்கிட்டேதான் முழிச்சுக் கிடந்தேன்."

அவர் அழுதார். அக்கா அவரை அழ விட்டார்.

"எக்ஸ்சேஞ்சில நானும் எத்தனையோ தடவை லைன் பிஸின்னு பொய் சொல்லியிருக்கேன். டீ ஆறிடுமேன்னு. யார் யார் என்ன அவசரத்துல கூப்பிட்டாங்களோ" என்றார். பிறகு அவரை நேராகப் பார்த்து, "அதுக்காக உங்க மேல கோவம் இல்லைன்னு சொல்ல மாட்டேன் தம்பி. இருக்கு. கொஞ்ச நாள் இருக்கட்டும்" என்றார்.

அக்கா அந்த மாடிக்குத் திரும்பவில்லை. படியேற முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேறு ஊரிலிருந்த தங்கை வந்து அழைத்துப்போக ஏற்பாடு செய்தார். சாமான்களை இறக்க, யாரும் கூப்பிடாமலே வீதியில் பாதிப் பேர் வந்துவிட்டார்கள். பீரோவை ரிப்பேர்க்காரரும் பூட்டுக்கடைக்காரரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இறக்கினார்கள். ஜெராக்ஸ் கடைக்காரம்மா பாத்திரங்களைத் துணியில் சுற்றிச் சுற்றி அடுக்கினாள். ஒருவரை ஒருவர் அதிகம் பார்த்துக்கொள்ளவில்லை. "மெதுவா", "அந்தப் பக்கம் தூக்குங்க" என்பதோடு பேச்சு நின்றது.

அக்கா காருக்குள் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொருவராகப் போய்ச் சொல்லிக்கொண்டார்கள். அக்கா ஜூஸ் கடைக்காரரிடம் அவர் மகளின் படிப்பைப் பற்றி விசாரித்தார். ஜெராக்ஸ் கடைக்காரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். ரிப்பேர்க்காரர் கடைசியாகப் போனார். அக்கா அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "சாப்பிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

"இல்லக்கா."

"போய்ச் சாப்பிடுங்க" என்றார்.

கார் நெரிசலில் நகர்ந்து, வளைவில் மறைந்தது. அவர் நடுவீதியிலேயே நின்றுகொண்டிருந்தார். பின்னால் வந்த ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். மனைவி வந்து கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப்போனாள்.