மருந்துப் படகு போன நாட்கள்

மருந்துப் படகின் பதிவேட்டில் கோட்டைக்குப்பத்துக்கு நேராக இருந்த தேதிகளை நான் பத்துமுறையாவது எழுதிப் பார்த்திருப்பேன். 1971 மார்ச்: நான்கு, பத்து, பத்தொன்பது, இருபத்தைந்து, முப்பத்தொன்று. கிழமை ஒத்துவரவில்லை. அமாவாசை, பௌர்ணமி, திருநாள் எதுவும் ஒத்துவரவில்லை. இடைவெளிகள் மட்டும் ஆறு, ஒன்பது, ஆறு, ஆறு. எல்லாம் மூன்றின் மடங்கு. ஏன் மூன்று?

"பரிசுத்த திரித்துவம்னு எழுதிடு, மோகனா. மதர் சந்தோஷப்படுவாங்க," என்றார் சிஸ்டர் சோபியா.

சிரித்தேன். ஆனால் காட்சிக்கான பெரிய சுவர் காலியாகத்தான் இருந்தது.

பழவேற்காட்டில் கன்னியர் மடத்தின் பழைய மருந்தகம் இரண்டே அறைகள். அதில் சிஸ்டர்களின் வரலாற்றைக் காட்சியாக வைக்கும் வேலைக்காக நான் தினமும் பொன்னேரியிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். அவர்களுடைய சபைத் தலைவியான மதருக்கு அந்த அறைகளை இடித்துவிட்டுக் கார் நிறுத்த இடம் செய்யவேண்டும். சிஸ்டர் சோபியா மன்றாடியதால் ஒரே ஒரு வாய்ப்புக் கொடுத்திருந்தார். "பழைய ஊசியையும் செபமாலையையும் பார்க்க யாரும் பஸ் ஏறி வரமாட்டாங்க. அவங்க எப்படி வேலை செஞ்சாங்கன்னு காட்டுங்க. சனிக்கிழமை வந்து பார்த்துட்டு முடிவு சொல்றேன்."

படகுதான் அவர்களுடைய பெரிய வேலை. ஏரியோரத்து மூன்று குப்பங்களுக்கு மருந்துப் பெட்டியோடு போனார்கள். எந்த நாளில் எங்கே போனார்கள், ஏன் என்று சொல்ல முடியாவிட்டால் பெரிய சுவரில் வைக்க ஒன்றுமில்லை.

ஜனவரி, பிப்ரவரிப் பக்கங்கள் குழப்பத்தைக் கூட்டின. அப்போது படகு ஒழுங்காகப் புதன்தோறும் கோட்டைக்குப்பம் போயிருக்கிறது. முதல் புதன் வந்த நோயாளிகள் முப்பத்தாறு பேர். அடுத்த புதன் மூன்று பேர். அதற்கடுத்து ஒருவரும் இல்லை. பிறகு நாற்பது, ஐந்து, இரண்டு. மார்ச்சில் கிழமைக் கணக்கை விட்டதும் ஒவ்வொரு முறையும் கூட்டம்.

கோட்டைக்குப்பத்தில் யாரிடமாவது பழைய போட்டோ இருக்குமா என்று கேட்டு, வியாழக்கிழமை காலை மடத்துக்கு வரச் சொல்லியிருந்தேன். இருபது நாற்காலி போட்டேன். ஒருவரும் வரவில்லை. இருபது டம்ளர் டீயை நானும் சிஸ்டரும் எவ்வளவுதான் குடிப்பது?

வெள்ளிக்கிழமை காலை இருசம்மாள் இறால் கூடையோடு வாசலில் நின்றாள். கோட்டைக்குப்பத்துக்காரி, என் வயதுதான் இருக்கும்.

"இன்னா மேடம், நேத்து கூப்ட்டியாமே? நேத்து எங்க பாடாச்சே. பாட்ட வுட்டுட்டு போட்டா காட்டவா வருவாங்க?"

"பாடுன்னா?"

கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "பொன்னேரில நெல்லு மட்டுந்தான் தெரியுமா? ஏரில எறா படுற எடம் கொஞ்சந்தான். அல்லாரும் ஒரே நாள்ல வல கட்னா மண்டதான் ஒடையும். அதான் மூணு குப்பத்துக்கும் மொற வச்சிக்கிறோம். நேத்து எங்களுது. இன்னிக்கு பக்கத்து குப்பம். நாளைக்கு மூணாவது குப்பம்."

"சரி, நேத்து முடிஞ்சிடுச்சு. இன்னைக்காவது வரலாமே?"

"ராவெல்லாம் ஆம்பளைங்க தண்ணில கெடந்து புட்ச்சத இன்னிக்கு நான் விக்க வாணாமா? நாளைக்குத்தான் ஊட்ல குந்தினு வல சரி பண்ணுவோம். நாளைக்கு வரோம், போ."

"அந்தக் காலத்துலயும் இதே முறையா?"

"மொற எப்பவும் மொறதான்."

அவள் தெருமுனை திரும்புவதற்குள் நான் பதிவேட்டைத் திறந்துவிட்டேன். ஒரு நாள் ஏரியில், ஒரு நாள் சந்தையில், ஒரு நாள் வீட்டில். ஏழு நாளை மூன்றால் வகுத்தால் ஒன்று மிஞ்சும். அதனால் புதன்தோறும் போனால் மூன்று வாரத்துக்கு ஒருமுறைதான் வீட்டு நாள் அமையும். மற்ற இரண்டு புதனும் வெறுங்குப்பம். இருபது நாற்காலி போட்ட நான் செய்த அதே தவறு. சிஸ்டர்கள் இரண்டு மாதத்தில் அதைக் கண்டுபிடித்துக் கிழமையைக் கைவிட்டிருக்கிறார்கள். சிஸ்டர் சோபியா தேதிகளை வாசிக்க வாசிக்க நான் சரிபார்த்தேன். மார்ச்சுக்குப் பிறகு கோட்டைக்குப்பத்துக்கு முப்பத்திரண்டு பயணம், முப்பத்தொன்று பொருந்தியது. பொருந்தாத ஒன்றின் ஓரத்தில் 'தலைப்பிரசவம், ஆள் அனுப்பினார்கள்' என்று எழுதியிருந்தது.

மாலைக்குள் ஒட்டுப்பலகையில் ஒரு வட்டு அறுத்து, குப்பத்துக்கு ஒரு நிறமாக மூன்று பங்கு பூசினோம். கோட்டைக்குப்பம் நீலம். வட்டைச் சுற்றி மூன்று இடங்களைக் குறித்தோம்: ஏரி, சந்தை, வீடு. வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு படகை வரைந்தோம். அருகில் நாளுக்கு ஒரு தாளாகத் தேதிக் காலண்டர் ஒன்று, நீலம் படகுக்கு நேராக நிற்கும் 1971 மார்ச் நான்கில் தொடங்கி.

சனிக்கிழமை மதர் வந்தபோது வாசலில் செருப்பு வைக்க இடமில்லை.

"இவ்வளவு பேரை யார் வரச் சொன்னது?" என்றார்.

"இன்னிக்கு ஊட்லதானே கீறோம், மதர். அதான் வந்தோம்," என்றாள் இருசம்மாள், ஒரு பை நிறையப் போட்டோவோடு.

மதர் வட்டின் முன்னால் நின்றார். ஒவ்வொரு தாளைப் புரட்டும்போதும் வட்டை ஒரு பங்கு தள்ளச் சொன்னேன். புரட்டினார், தள்ளினார். பத்தாம் தேதியில் நீலம் படகுக்கு நேராக நின்றது. பதிவேட்டைப் பார்த்தார். தானாகவே பத்தொன்பதுவரை போனார். மறுபடி நீலம். மறுபடி பதிவேடு. பிறகு இருபத்தைந்துக்கும் போய்ப் பார்த்துவிட்டு, "காரை ரோட்லயே நிறுத்திக்கலாம்," என்றார்.

வட்டுக்குக் கீழே நான் எழுதிய குறிப்பு இதுதான்: 'குப்பத்துக்காரர்கள் தங்கள் முறை வரும் பாடு நாளில் ஏரியில் இருப்பார்கள். மறுநாள் சந்தையில் இருப்பார்கள். மூன்றாம் நாள் வீட்டில் இருப்பார்கள். சிஸ்டர்களின் மருந்துப் படகு மூன்றாம் நாளில் போனது.'