அடுப்பு மூட்டினால் ஏறும் எண்

மண்ணிலிருந்து கசியும் கதிரியக்க வாயுவான ரேடானை அளக்கும் கருவியின் எண், டயகம தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் ஆய்வாளர் லோஜினியின் தங்கை வினோதா குடியிருந்த ஓரறைக் காம்பராவில் மட்டும், அடுப்பு மூட்டிய பிறகே ஏறியது. விறகில் ரேடான் ஏது? லோஜினி எண்ணை மறுபடி சரிபார்த்தாள். பிறந்து ஒன்பதே நாளான பிள்ளை அங்கேதான் தூங்கியது.

"அடுப்பு மூட்டினாதான் ஏறுது, ஒன் மெஷினுக்கும் குளிருதோ?" என்று சிரித்த வினோதா, அக்காவின் முகத்தைப் பார்த்ததும் வெளிறினாள். "புள்ளைக்கு ஏதாச்சும் ஆயிருமாக்கா?"

பச்சைப்பிள்ளைக்குக் காற்றுப் படக்கூடாதென்று ஜன்னல், கதவிடுக்கு எல்லாம் சாக்கால் அடைத்திருந்தது. தரை வெடிப்பின்மேல் லோஜினி பிடித்த ஊதுபத்தியின் புகை அடுப்பை நோக்கிச் சாய்ந்தது. புகைபோக்கி இழுத்த காற்றுக்கு ஈடாக வெளிக்காற்று வர வழியில்லை. மண்ணின் காற்று ரேடானோடு வெடிப்பு வழியே ஏறிவந்தது.

வெடிப்பைச் சீமெந்தால் பூசி, ஜன்னல் சாக்கை எடுத்தார்கள். மறுநாள் அடுப்பு எரிந்தது, எண் ஏறவில்லை.