தெல்ஃபினா கடை டப்பா மெழுகு

சிரிலோவுக்கு உலகத்திலேயே பிடிக்காத பொருள் அவன் மனைவி விற்கும் டப்பா மெழுகுதான்.

உள்ளங்கை அகலத்தில் வட்டமான தகர டப்பா. மூடியில் பல்லைக் காட்டும் ஒரு சிங்கம். திறந்தால் மஞ்சளாக, வாழைப்பழ வாசனையோடு ஒரு களிம்பு. லா பாஸ் பள்ளத்துக்கு மேலே, மலை உச்சியில் இருக்கும் எல் ஆல்தோவின் வியாழன், ஞாயிறு சந்தையில், வண்டிச் சாமான் விற்கும் ஏழாவது வரிசையில் தெல்ஃபினா அதைக் கோபுரமாக அடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஊரில் பாதி மினிபஸ்கள் அந்தக் களிம்பில்தான் மினுங்கின.

"செருப்புக்குப் போடுற பாலிஷ். அதுல கொஞ்சம் வாழைப்பழ எசன்ஸை ஊத்தி ஏமாத்துறானுங்க" என்பான் சிரிலோ. டிரைவர்கள் சூடாக ஆப்பி என்னும் சோளக் கஞ்சி குடிக்கும் கடையில் நின்று, நாலு பேர் கேட்கும்படியாகவே சொல்வான். மனைவி விற்கும் சரக்கை இப்படி ஊர் நடுவில் நின்று மட்டம் தட்டுகிற ஆண்பிள்ளையை அந்த ஊர் அதுவரை பார்த்ததில்லை.

அவன் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. வீடு தெல்ஃபினாவின் அப்பா கட்டியது. மினிபஸ் தெல்ஃபினா டப்பா விற்று வாங்கியது. சிரிலோ பதினேழு வருஷத்துக்கு முன்னால் ஓருரோவிலிருந்து ஒரு பெட்டியோடு வந்து சேர்ந்த வீட்டோடு மாப்பிள்ளை. எல் ஆல்தோவுக்கும் லா பாஸுக்கும் நடுவே பதினேழு வருஷமாக வண்டி ஓட்டியும், டிரைவர் சங்கத்தில் அவனுக்குப் பெயர் 'தெல்ஃபினா புருஷன்'. சங்கத்தின் சந்தா நோட்டில்கூட அப்படித்தான் எழுதியிருந்தது. தின்கிற சோறும் ஓட்டுகிற வண்டியும் அந்தச் சிங்கத் தலை டப்பாவிலிருந்து வந்தால், மனுஷனுக்கு அந்தச் சிங்கத்தின் மேல் கோபம் வரத்தானே செய்யும்?

அவனுக்கு இருந்தது ஒரே ஒரு ஆசை. கார்னிவல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை சங்கத்து மாதாவின் சொரூபத்தை ஒரு மினிபஸ்ஸின் முன்சீட்டில் அமர்த்திச் சந்தைத் தெரு வழியாக ஊர்வலம் விடுவார்கள். மூலைக்கு மூலை ஒலிபெருக்கி. அதில் அந்த டிரைவரின் பெயரை முழுசாகச் சொல்லி வாழ்த்துவார்கள். ஒரே ஒரு தடவை 'சிரிலோ அபாசா' என்று அந்த ஒலிபெருக்கி கத்த வேண்டும். அதன் பிறகு செத்தாலும் பரவாயில்லை என்று நிஜமாகவே நினைத்தான்.

மாதா ஏறும் வண்டியைத் தேர்ந்தெடுப்பதற்கு அந்தச் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கார்னிவல் செவ்வாயன்று வண்டிகளை வரிசையாக நிறுத்திப் பூமித்தாய்க்குப் படையல் போடுவார்கள். கண்ணாடியில் காகிதச் சுருள் கட்டி, கூரையிலும் முகப்பிலும் காகிதப் பொட்டுகளை வாரி இறைத்து, அதன் மேல் பீர் பாட்டிலைக் குலுக்கி ஊற்றி, சரவெடி வெடிப்பார்கள். எல்லாம் முடிந்து வண்டியைத் துடைத்ததும் சங்கத் தலைவர் இலாரியோன் தொப்பியைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு வண்டியின் பானெட்டிலும் தன் முகத்தைப் பார்ப்பார். எதில் அவருடைய தங்கப்பல் தெளிவாகத் தெரிகிறதோ அதில்தான் மாதா ஏறுவாள்.

மூன்று வருஷமாகத் தங்கப்பல் தெரிந்தது ஒஸ்வால்தோவின் வண்டியில். ஒஸ்வால்தோ தெல்ஃபினாவின் தம்பி. அவன் பூசியது அக்கா கடை டப்பா மெழுகு. அதில் ரகசியம் எதுவும் இல்லை. டப்பா மெழுகு ஒரு மாதம்தான் நிற்கும். நாலு மழைக்குப் பிறகு அது இருந்த இடம் தெரியாது. ஆனால் அந்த ஒரு மாதம் அதன் மினுக்குக்குக் குறை சொல்ல முடியாது. ஒஸ்வால்தோ மாதம் தவறாமல் பழைய பனியனை வைத்துக்கொண்டு உட்கார்ந்து தேய்த்தான். சிரிலோவுக்குத் தேய்ப்பது பிடிக்காது. உலகத்தில் தேய்க்காமல் மினுங்கும் சாமான் ஒன்று இருக்கிறது, அதை ஏழைகளுக்குத் தெரியாமல் பணக்காரர்கள் ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்பது அவன் நம்பிக்கை.

அந்த வருஷம் அதைக் கண்டுபிடித்தும் விட்டான். லா பாஸின் தெற்கே, பணக்காரர்கள் குடியிருக்கும் பகுதியில் ஒரு கடை. வெள்ளைக் கையுறை போட்ட விற்பனையாளன். கண்ணுக்கு மருந்து விடும் குப்பி அளவில் ஒரு ஜப்பான் குப்பி. பூசினால் வண்டி மேல் கண்ணாடி மாதிரி ஒரு தோல் பிடிக்குமாம், அஞ்சு வருஷத்துக்குத் தூசிகூட ஒட்டாதாம். விலையை சிரிலோ யாரிடமும் சொல்லவில்லை, தனக்குத்தானேகூடச் சொல்லிக்கொள்ளவில்லை.

"மெல்லிசா பூசணும். ரெண்டு நிமிஷத்துல துணியால துடைச்சு எடுத்துடணும். அப்புறம் ஒரு முழு நாள் கூரைக்கு அடியில நிக்கணும் சார், ஒரு சொட்டு ஈரம் படக்கூடாது" என்றான் விற்பனையாளன்.

சிரிலோவை அதுவரை யாரும் சார் என்று அழைத்ததில்லை. அந்த மயக்கத்தில் மற்றதெல்லாம் காதில் அரைகுறையாகத்தான் விழுந்தது.

திங்கட்கிழமை பூசிவிடலாம் என்று இருந்தான். திங்கள் முழுக்கப் பேய்மழை. வீட்டு முற்றத்துக்குக் கூரை கிடையாது. செவ்வாய் காலை எட்டு மணிக்கு வானம் வெளுத்தது. பன்னிரண்டு மணிக்குப் படையல். சிரிலோ குப்பியைத் திறந்தான்.

"ஒரு நாள் காயணும்னு அவன் சொன்னதா நீதானே ராத்திரி பெருமையடிச்ச?" என்று தெல்ஃபினா வாசலில் வந்து நின்றாள். "இப்ப நாலு மணி நேரந்தான் இருக்கு."

"அது கீழ லா பாஸ்ல இருக்கறவனுக்கு. இங்க நாம சூரியனுக்குப் பக்கத்துல இருக்கோம். நாலு மணி நேரம் போதும்."

"பீரை ஊத்துவாங்களேய்யா."

"ஈரம் படக்கூடாதுன்னா மழையைச் சொல்றான். சாமிக்கு ஊத்துற பீரு என்ன பண்ணும்?"

தெல்ஃபினா மடியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து நீட்டினாள். "சொன்னாக் கேளு. இன்னிக்கு ஒரு நாளைக்கு இதைப் போட்டுத் தேய். உன் ஜப்பான்காரனை நாளைக்குப் பூசிக்க."

"அந்தச் செருப்பு பாலிஷை என் வண்டிப் பக்கம் கொண்டுவராத."

"என் வண்டி" என்றாள் தெல்ஃபினா, சத்தம் போடாமல். சிரிலோ முதுகைத் திருப்பிக்கொண்டான்.

அதோடு விட்டிருந்தால்கூடத் தப்பித்திருப்பான். அவ்வளவு விலை கொடுத்ததை ரெண்டு நிமிஷத்தில் துடைத்து எடுப்பதா? துடைத்தால் துணியல்லவா மினுங்கும்? குப்பியிலிருந்ததை பானெட்டிலும் முகப்பிலும் தடவினான். துடைக்கவில்லை. மிச்சத்தையும் ரெண்டாம் தடவை குப்பியைக் கவிழ்த்து உள்ளங்கையால் வழித்துத் தடவினான். வண்டி நிஜமாகவே பளபளத்தது. பாகு காய்ச்சி ஊற்றிய மாதிரி இருந்தது. அப்படி இருந்ததற்குக் காரணம், அது பாகு மாதிரியே இன்னும் காயாமல் இருந்ததுதான்.

பன்னிரண்டு மணிக்கு முப்பது மினிபஸ்கள் வரிசையில் நின்றன. பேண்டு வாசித்தார்கள். பெண்கள் கூடை கூடையாகக் காகிதப் பொட்டுகளை இறைத்தார்கள், சிவப்பு, பச்சை, மஞ்சள், ஊதா. பீர் நுரைத்து வழிந்தது. சிரிலோவின் வண்டி வெள்ளை என்பதால் பொட்டெல்லாம் எடுப்பாகத் தெரிந்தது, அதனால் எல்லாரும் அதிலேயே இன்னும் ரெண்டு கைப்பிடி சேர்த்துப் போட்டார்கள். அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றான். மலை உச்சி வெயில் மண்டையைப் பிளந்தது.

ஒரு மணி நேரம் ஆடிக் குடித்து முடித்ததும் துணியை எடுத்தார்கள். ஒஸ்வால்தோ பனியனால் ஒரு இழுப்பு இழுத்தான். பொட்டும் பீரும் வழுக்கிக்கொண்டு கீழே போயின. அடியில் அவன் பானெட் கறுப்புக் கண்ணாடியாக மினுங்கியது. மேகம்கூட அதில் தெரிந்தது.

சிரிலோ துணியை வைத்து இழுத்தான். பொட்டுகள் அசையவில்லை. அழுத்தி இழுத்தான். துணிதான் ஒட்டிக்கொண்டு நூல் நூலாகப் பிரிந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தான், நகம் உடைந்தது. பொட்டின் சாயம் பீரில் கரைந்து ஊறி, எல்லாமாகச் சேர்ந்து அந்த ஜப்பான் பூச்சுக்குள் இறுகிவிட்டிருந்தது.

"மச்சான், வண்டிக்கு அம்மை போட்டிருக்கு!" என்று ஒஸ்வால்தோ கத்தினான். "கிட்டப் போகாதீங்கப்பா, ஒட்டிக்கும்!"

வரிசை முழுக்கச் சிரிப்பு. ஒருத்தன் டிரம்மில் சாய்ந்துகொண்டு சிரித்தான்.

"வாயை மூடு மாப்ளே" என்றான் சிரிலோ. பதினேழு வருஷத்தில் அவன் அவ்வளவு அவமானப்பட்டதில்லை. அங்கேயே வண்டிக்கு அடியில் படுத்துக்கொள்ளலாமா என்று இருந்தது.

இலாரியோன் தொப்பியைக் கையில் பிடித்தபடி வண்டி வண்டியாகக் குனிந்து பல்லைக் காட்டிக்கொண்டு வந்தார். ஒஸ்வால்தோவின் பானெட்டில் தங்கப்பல் தெரிந்தது, பக்கத்துப் பல்லின் சொத்தையும் தெரிந்தது. தலையை ஆட்டிவிட்டு அடுத்ததாக சிரிலோவின் வண்டிக்கு வந்து குனிந்தவர், குனிந்தபடியே நின்றார்.

"என்னய்யா இது?"

சிரிலோ பதில் சொல்வதற்குள் கூட்டத்திலிருந்து உருளைக்கிழங்கு விற்கும் எயுஃப்ராசியா அம்மா முன்னால் வந்தாள். ஒரு பொட்டைத் தொட்டாள். இன்னொன்றைத் தொட்டாள். பீர் வாடையோடு கையைத் தூக்கி, "பூமித்தாய் பிடிச்சுக்கிட்டாடி! கொடுத்ததை விடமாட்டேங்கறா!" என்று ஒரு கத்துக் கத்தினாள்.

அவ்வளவுதான். பெண்கள் முண்டியடித்துக்கொண்டு வந்து தொட்டார்கள். பொட்டு வராமல் இருக்க இருக்க அவர்களுக்கு நம்பிக்கை கூடியது. ஒருத்தி தன் குழந்தையின் கன்னத்தைப் பானெட்டில் வைத்து எடுத்தாள். இலாரியோன் முப்பது வருஷம் சங்கத்தில் காலம் தள்ளியவர். பூமித்தாயோடும் சந்தைப் பெண்களோடும் ஒரே நாளில் மோதக்கூடாது என்பது அவருக்குத் தெரியும்.

"இந்த வருஷம் மாதா இந்த வண்டிலதான்" என்று அறிவித்தார். கைதட்டல் அடங்கியதும் சிரிலோவின் தோளில் கை போட்டு, "என்னப்பா பூசின? உண்மையைச் சொல்லு, எல்லாரும் கேட்டுக்கட்டும்" என்றார்.

சிரிலோ வாயைத் திறந்தான். பணக்காரன் கடைக் குப்பி, காயவிடவில்லை, துடைக்கவில்லை என்று உள்ளதைச் சொன்னால் மாதா இறங்கி அடுத்த வண்டிக்குப் போய்விடுவாள். பொய் சொல்லலாமென்றால் ஒரு பொய்யும் கிடைக்கவில்லை.

"என் கடை டப்பாதான்" என்றாள் தெல்ஃபினா. "வேற எது?"

எல்லாரும் சிரிலோவைப் பார்த்தார்கள். தெல்ஃபினாவும் பார்த்தாள். அவன் தலையை ஆட்டினான்.

ஒஸ்வால்தோ அக்காவின் காதுக்குப் பக்கத்தில் வந்தான். "அக்கா, நம்ம டப்பா மெழுகு வழுக்கும். ஒட்டாதே. நாளைக்கு வாங்கிட்டுப் போறவன் வந்து ஒட்டலன்னு கேப்பானே?"

"உனக்குப் பக்தி பத்தலன்னு சொல்லிட்டாப் போச்சு" என்றாள் தெல்ஃபினா. "நீ மூணு வருஷம் தேய்ச்சுத் தேய்ச்சுக் காட்டின. அதைப் பார்த்துப் புதுசா ஒருத்தனாவது என் கடையைக் கேட்டு வந்தானா?"

கண்ணாடியாக மினுங்கிய ஒஸ்வால்தோவின் வண்டியை அன்று அதற்குப் பிறகு யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வியாழக்கிழமை சந்தையில் பத்து மணிக்கெல்லாம் சிங்கத் தலை கோபுரம் காலியாகிவிட்டது.

ஞாயிறன்று சிரிலோ புதுக் கோட்டுப் போட்டுக்கொண்டான். முன்சீட்டில் மாதாவை ஏற்றிக் கட்டினார்கள். தெல்ஃபினா ரெண்டு பெட்டி டப்பாவோடு பின்சீட்டில் ஏறிக்கொண்டாள். பேண்டு முன்னால் நடந்தது. முதல் மூலை வந்தது. சிரிலோ ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டினான்.

"இதோ வருகிறாள் நம் மாதா!" என்றது ஒலிபெருக்கி. "பூமித்தாயே கைவிடாத வண்டியில் வருகிறாள்! தெல்ஃபினா கடை டப்பா மெழுகு பூசிய வண்டி! ஏழாவது வரிசை, பூட்டுக் கடைக்கு எதிரில்!"

ரெண்டாவது மூலையிலும் அதேதான். நாலு மூலை அறிவிப்பாளர்களுக்கும் தெல்ஃபினா முந்தின நாளே போய்த் தாளில் எழுதிக் கொடுத்து, ஆளுக்கு ஒரு தட்டு பன்றி வறுவலும் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். மூன்றாவது மூலையில் கூட்டம் கூடுதல். ஜனங்கள் பானெட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். பெயர் வரவில்லை.

நாலாவது மூலைதான் கடைசி. அங்கே அறிவிப்பாளன் தாளைப் படித்து முடித்துவிட்டு, நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்ததால், மைக்கிலேயே கேட்டான்: "ஆமா, வண்டியை ஓட்டுறது யாரு?"

சிரிலோ பிரேக்கை மிதித்தான். கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினான். "சிரி..." என்று ஆரம்பித்தான்.

"தெல்ஃபினா புருஷன்!" என்று தெருவே கத்தியது.

"தெல்ஃபினா புருஷன்!" என்று ஒலிபெருக்கியும் கத்தியது, பள்ளத்தில் இருக்கும் லா பாஸ் வரைக்கும் கேட்கும்படியாக.

சிரிலோ தலையை உள்ளே இழுத்துக்கொண்டு அழ ஆரம்பித்தான். மாதாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுகிற டிரைவரைப் பார்த்ததும் தெருவோரத்துப் பெண்களுக்கும் அழுகை வந்தது. சிலர் மண்டி போட்டுச் சிலுவை இட்டுக்கொண்டார்கள். தெல்ஃபினா ஜன்னல் வழியாக அவர்களிடம் ஆளுக்கொரு டப்பாவை நீட்டினாள்.