நூறு ரூபாய்ப் பத்திரம்

சித்தூரில் ஒரு கல்யாணத்தைக் கலைக்க நூறு ரூபாய்தான் ஆனது. அதுவும் பத்திரத்தின் விலை. டைப் அடித்தவனுக்கும் நோட்டரிக்கும் தனி. இனி ஒருவர் வாழ்வில் ஒருவர் தலையிடுவதில்லை என்று சந்திரன் கையெழுத்துப் போட்டு, முதல் மனைவி கங்கம்மாள் கைநாட்டு வைத்த காகிதம், பதினாறு வருடமாகத் துர்காதேவியின் பையில் இருக்கிறது. அதை நம்பித்தான் அவள் சந்திரனுக்குக் கழுத்தை நீட்டினாள். இப்போது திருப்பதி ஆஸ்பத்திரி மார்ச்சுவரி வாசலில், அதே பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு நிற்கிறாள். உள்ளே சந்திரன். காலையில் லாட்ஜ் கவுண்டரில் யாருக்கோ ரூம் சாவியை நீட்டியவன், நீட்டியபடியே சரிந்துவிட்டான்.

ஆட்டோவிலிருந்து கங்கம்மாள் இறங்கினாள். தலையில் ஒரு முழம் மல்லி. சாவுக்கு வருகிறவள் பூவோடு வருவாளா? துர்கா கடை வைத்திருப்பவள்; வாங்க வந்தவளா, விலை விசாரிக்க வந்தவளா என்பது கண்ணில் தெரிந்துவிடும். கங்கம்மாளின் கண் பையின் மேல் இருந்தது. துர்கா பையை இன்னும் இறுக்கினாள்.

போன வருடம்தான் ஒரு வக்கீல் அந்தப் பத்திரத்தைப் பார்த்துச் சிரித்திருந்தார். கோர்ட்டுத் தீர்ப்பு இல்லாமல் விவாகரத்து இல்லையாம். முதல் கல்யாணம் அப்படியே நிற்கிறதாம், இரண்டாவது செல்லாதாம், அந்தம்மா புகார் கொடுத்தால் சந்திரனுக்கு ஜெயிலாம். ஆடி போகட்டும், கேஸ் போடலாம் என்றான் சந்திரன். ஆடி போனது. அவனும் போய்விட்டான்.

இது கங்கம்மாளுக்கும் தெரிந்துவிட்டதா? உடம்பைக் கேட்க வந்தாளா, உரிமையைக் கேட்க வந்தாளா?

"எவரம்மா பார்யா?" பொண்டாட்டி யார் என்று தெலுங்கில் கேட்டபடி கிளார்க், உடம்பை வாங்குகிறவர் கையெழுத்துக்கு நோட்டைத் திருப்பி வைத்துவிட்டு, ஒலித்த போனை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார்.

துர்கா நோட்டையும் கங்கம்மாளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இன்னா முழிச்சிக்கினு நிக்கிற? போடு," என்றாள் கங்கம்மாள்.

"நாளைக்கு நீ வந்து, நான்தான் பொண்டாட்டின்னு நிக்க மாட்டேன்னு இன்னாக்கா நிச்சயம்?"

கங்கம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "அதே காயிதத்த நம்பித்தான் நானும் நரசிம்மனக் கட்டிக்கினேன். கங்காதர நெல்லூர்ல ரெண்டு புள்ளைங்க. இந்த நோட்ல என் பேரு ஏறிச்சின்னா, அந்த ஊட்ல நான் யாரு? பயந்துக்கினு என் பேரச் சொல்லிடுவியோன்னுதான் அடிச்சிப் புடிச்சி பஸ் ஏறினேன்."

கங்கம்மாள் சொன்னது, கடைக்காரியின் கண்ணுக்கு நல்ல சரக்காகத்தான் பட்டது. ஆனாலும் துர்கா இடது கையால் மறைத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள்.

"மறைக்காதம்மா," என்றாள் கங்கம்மாள். "எனக்குப் படிக்கத் தெரிஞ்சிருந்தா அன்னிக்கே ரேகை வெச்சிருக்க மாட்டேன்."

ஸ்ட்ரெச்சர் வந்தது. முகத்துத் துணியை விலக்கி, அவன்தானா என்று பார்க்கச் சொன்னார்கள். துர்கா பார்த்தாள். கங்கம்மாள் சிமெண்ட் பெஞ்சு ஓரமாகவே நின்றுகொண்டாள், கிட்டே வரவில்லை.

ஆம்புலன்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் துர்கா திரும்பிப் பார்த்தாள். கங்கம்மாளைக் காணோம். அப்போதும் பை துர்காவின் அக்குளில்தான் இருந்தது.

நோட்டில் பொண்டாட்டி ஒன்று. வெளியே வந்த உடம்பு ஒன்று. பெஞ்சின் மேல், ஹேர்பின்னோடு கழற்றி வைத்த மல்லி ஒரு முழம்.