தாம்பூலப் பையும் ஒரு டம்ளர் சுடுதண்ணீரும்

பிளாஸ்டிக்கின் பிடியிலிருந்து பூமித்தாயை மீட்கும் மாபெரும் வேள்வி கடலூரில் தொடங்கிவிட்டது என்று சுப்பராயலு போன தை மாதம் அறிவித்தார். அறிவிப்பு அச்சடித்த பேனர் பிளாஸ்டிக். துணியில் அடித்தால் பனியில் நனைந்து தன் முகம் சுருங்கிவிடும் என்று அவரே வேண்டாமென்றுவிட்டார்.

வெகுகாலமாகப் பாலித்தீன் கவர் அடித்துப் பிழைத்தவர். அரசாங்கம் தடை போட்ட பிறகு ஞானம் பிறந்து, மரவள்ளி மாவில் பை செய்யும் மிஷின் இறக்கினார். பைக்கு 'மண்மகள்' என்று பெயர். மேலே ஒரு பச்சை இலை. எந்த மேடை ஏறினாலும் பையில் ஒரு துண்டைக் கத்தரித்துச் சுடுதண்ணீரில் போட்டுக் கலக்கி, கஞ்சிபோல் ஆனதும் மடமடவென்று குடித்துக் காட்டுவார். வடலூரில் குடித்தார். பெண்ணாடத்தில் குடித்தார். கைதட்டல் நிறைய கிடைத்தது. ஆர்டர்தான் கிடைக்கவில்லை.

கடைசியில் காது கொடுத்தவர் சிதம்பரம் ராஜாமணி. கல்யாண மண்டபங்களுக்கு இலை முதல் தாம்பூலப் பை வரை சப்ளை செய்கிற மொத்த வியாபாரி. அவர் வாங்கினால் ஜில்லாவே வாங்கும். வாங்காவிட்டால் புது மிஷினை வந்த லாரியிலேயே திருப்பி ஏற்ற வேண்டியதுதான்.

"ஊருக்கு உபதேசம் இருக்கட்டுங்க. ஒங்க பொண்ணு கல்யாணம் வருதுல்ல? அதுல இந்தப் பையில தேங்கா போட்டுக் குடுங்க. கையில வாங்கிப் பாத்துட்டு சொல்றேன்" என்றார் ராஜாமணி.

"தாராளமா!" என்றார் சுப்பராயலு.

கல்யாணம் சிதம்பரத்தில். முந்தின நாள் மாலை அவர் மனைவி அமிர்தமும் சொந்தக்காரப் பெண்களும் வட்டமாக உட்கார்ந்து தேங்காய், வெற்றிலை, பாக்கு, மஞ்சள் எல்லாம் போட்டுப் பைகளை நிரப்பினார்கள். வெற்றிலை வாடக்கூடாதே என்று, எந்த வீட்டிலும் செய்வதுபோல, தண்ணீரில் நன்றாக நனைத்துப் போட்டார்கள்.

தாலி கட்டியாயிற்று. பந்தி நடந்துகொண்டிருந்தபோது அமிர்தம் வந்து, வேட்டியைப் பிடித்து இழுக்காத குறையாக அவரைச் சாமான் அறைக்குக் கூட்டிப்போனாள். ஒரு பையைத் தூக்கிக் காட்டினாள். பிடி மட்டும் கையோடு வந்தது. தேங்காய் அவர் கால் கட்டைவிரலில் விழுந்தது. மற்ற பைகள் கூழாகி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன.

"எதுக்குடி வெத்தலய நனைச்ச?"

"பின்ன, காஞ்ச வெத்தலையா குடுப்பாங்க? தண்ணியில கரையும், தண்ணியில கரையும்னு ஊரு ஊரா போயி குடிச்சுக் காட்டுனீங்களே, வெத்தல ஈரமா இருக்கும்னு ஒங்களுக்குத் தெரியாதா? சம்மந்தி வீட்டு முன்னாடி தேங்கா உருளப்போவுது!"

வாசலில் நின்ற அமிர்தத்தின் தம்பி இளவரசு தொண்டையைச் செருமினான். கம்பெனியைப் பார்த்துக்கொள்பவன் அவன்தான். "மாமா, கார் டிக்கியில கவர் கெடக்கு. குமராட்சி கடைங்களுக்குப் போடலாம்னு எடுத்தாந்தேன்."

கொண்டுவந்து காட்டினான். அதே அளவு, அதே பச்சை இலை, அதே 'மண்மகள்'. சரக்கு மட்டும் சுத்தமான பாலித்தீன்.

"ஏன் மச்சான், இதுல எப்படி நம்ம புதுப் பேரு?"

"நீங்கதானே சொன்னீங்க, பழைய மிஷின் சும்மா கெடக்க வேணாம், மண்மகள்னு போட்டு அடி, செக்கிங்ல எவனும் கேக்கமாட்டான்னு?"

சுப்பராயலு மனைவியைப் பார்த்தார். அவள் அதற்குள் தேங்காய்களைத் துடைத்து மாற்றத் தொடங்கியிருந்தாள்.

ராஜாமணி சாப்பிட்டு முடித்து வந்து பையை வாங்கினார். ஆட்டிப் பார்த்தார். இழுத்துப் பார்த்தார். "பரவால்லயே! தொட்டா பிளாஸ்டிக் மாதிரியே இருக்கே!"

"அதாங்க ஆராய்ச்சி" என்றான் இளவரசு.

"அது சரி, கரைச்சுக் குடிச்சுக் காட்டுவீங்களாமே? நான் பாத்ததே இல்ல. சம்மந்தியும் பாக்கட்டும்."

சம்பந்தி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். வீடியோக்காரர் விளக்கைத் திருப்பினார். சமையல்கட்டிலிருந்து எவர்சில்வர் டம்ளரில் சுடுதண்ணீர் வந்தது. ராஜாமணியே தன் பையில் பச்சை இலை அச்சடித்த இடமாகப் பார்த்து ஒரு துண்டு கத்தரித்துப் போட்டார். சுப்பராயலு கலக்கினார். கலக்கிக்கொண்டே இருந்தார். பூமித்தாய் என்றார், வருங்காலச் சந்ததி என்றார். துண்டு மிதந்தபடி சுற்றிச் சுற்றி வந்து அவரையே பார்த்தது.

"கரைஞ்சிடுச்சுங்களா?" என்று சம்பந்தி எட்டிப் பார்க்க எழுந்தார்.

சுப்பராயலு அண்ணாந்து ஒரே மடக்காகக் குடித்தார். கண்ணில் நீர் முட்டியது. அது பூமித்தாய்க்காக வந்தது என்று எடுத்துக்கொண்டு கூட்டம் கைதட்டியது.

ராஜாமணி அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ஆர்டர் ஒங்களுக்குத்தான். ஆனா எனக்கு இதே பைதான் வேணும். ஜாஸ்தி ஆராய்ச்சி பண்ணிக் கெடுத்துடாதீங்க."

மணமக்கள் காலில் விழுந்தபோது சுப்பராயலுவால் வாய் திறந்து வாழ்த்த முடியவில்லை. அட்சதையை மட்டும் போட்டார்.

துண்டு மறுநாள் காலையில் வெளியே வந்தது. பச்சை இலை அப்படியே இருந்தது.