பூவில் வெட்ட வேண்டிய செடி

இரண்டு வருடமாகத் தையல்காரி கொல்லை மண்ணோடு மல்லுக்கட்டுகிறாள். மண்ணா அது? வீடு கட்டினவர்கள் சிமெண்ட்டையும் செங்கல் தூளையும் கொட்டி மிதித்துவிட்டுப் போன தரை. கடப்பாரை போட்டால் எகிறி அடிக்கும். உர மூட்டை வாங்கிப் போட்டுப் பார்த்தாள். தக்காளி நாலு நாள் ஜோராக நின்றுவிட்டு ஐந்தாம் நாள் தலையைத் தொங்கப்போட்டது. "இனிமே இந்த வீட்டுக்குள்ள மூட்டை உரம் வந்துச்சு, நான் வெளிய போயிடுவேன்" என்று சபதம் போட்டாள். அன்றிலிருந்து காய்த்தோலும் காய்ந்த இலையுமாகப் புதைத்தாள். கடைசியாக, நாற்றுக்கடைக்காரி பேச்சைக் கேட்டுச் சணப்பு விதைத்தாள். "இது நமக்கில்லக்கா, மண்ணுக்குச் சாப்பாடு. பூ எடுத்ததும் வெட்டி மண்ணோட புரட்டிடணும். விட்டா தண்டு நாராயிடும், மக்கவே மக்காது" என்றிருந்தாள் அவள்.

பூ எடுத்தது. இடுப்புயரத்துக்கு மஞ்சள் மஞ்சளாக. வெட்ட வேண்டிய ஆள் தையல்காரியின் புருஷன். ஊர் வீட்டுக்கெல்லாம் வயரிங் செய்கிற மகாராஜன். சொந்த வீட்டுச் சுவிட்சுப் பெட்டி மூன்று வருடமாக ஒற்றை ஆணியில் தொங்குகிறது. "நாளைக்கு வெட்டறேன்" என்றே பத்து நாளை ஓட்டினான். அவளுக்குக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனது.

இதற்கிடையில்தான் மாமனார் எழுந்தார். இடுப்பு எலும்புக்கு ஆபரேஷன் ஆகி நாலு மாதம். "நடக்கலேன்னா படுத்த படுக்கைதான்" என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லியும் அசையாத மனிதர். அவருடைய வாக்கரில் துண்டு காய்ந்துகொண்டிருந்தது. சணப்பு பூத்த நாலாம் நாள் துண்டை உதறிப் போட்டுவிட்டு, வாக்கரைப் பிடித்து, பூவைப் பார்க்கக் கொல்லைப் பக்க ஜன்னல் வரைக்கும் நடந்தார். பன்னிரண்டு அடி. வாயைப் பொத்திக்கொண்டு எண்ணினாள் அவள். அப்புறம் தினமும் நடந்தார்.

"ஏம்மா, ஓரத்துச் செடியும் பூத்துடுச்சு, பார்த்தியா?"

பார்த்தாள். வெட்டப் போகிறோம் என்று எந்த வாயால் சொல்வது? பூ போனால் மனிதர் திரும்பவும் கட்டிலில் விழுவார். பூவை விட்டால் இரண்டு வருடப் பாடு நாராகிப் போகும். எரிச்சல் எரிச்சலாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

அன்று தையல் கடையில் ஒரு சட்டைக்கு வலது கையை இடது பக்கம் வைத்துத் தைத்துவிட்டாள். தையலைப் பிரித்துக்கொண்டே முடிவுக்கு வந்தாள். மண் எங்கே ஓடிவிடப் போகிறது? இன்னொரு தடவை விதைத்துக்கொள்ளலாம். மனிதர் நடக்கட்டும். புருஷனிடம் சொல்லிவிடலாம் என்று போன் போட்டாள். அவன் எடுக்கவில்லை. என்றைக்கு எடுத்தான்?

வீட்டுக்கு வந்தால் கொல்லைக் கதவு திறந்து கிடந்தது. கொல்லை முழுக்க வெட்டின சணப்பு. நடுவில் அரிவாளும் கையுமாக அவன், பல்லெல்லாம் தெரிய.

"பார்த்தியா? இன்னிக்கு நீ ஞாபகப்படுத்தவே இல்ல. நானே வெட்டிட்டேன்!"

பிறந்ததிலிருந்து சொல்லாமல் ஒரு வேலை செய்தவனில்லை. அதைச் செய்ய இன்றைக்குத்தானா நாள் கிடைத்தது? அவள் ஜன்னலைப் பார்த்தாள். காலி.

"போச்சு, எல்லாம் போச்சு! பத்து நாளா கெஞ்சினேனே, அப்ப வெட்டினீங்களா?"

"வெட்டலேன்னாலும் திட்டு, வெட்டினாலும் திட்டு. நான் என்னதான்டி பண்றது?"

"அந்தக் கடைசி வரிசைய மட்டும் எதுக்கு விட்டு வச்சீங்க? அதுலயும் அரைகுறையா?"

"நானா விட்டேன்? அவருதான் விடல." அரிவாளால் காட்டினான்.

கடைசி வரிசைக்குப் பின்னால், மதில் நிழலில், வாக்கரை இரண்டு கையாலும் பிடித்தபடி மாமனார் நின்றிருந்தார். வேட்டி முழுக்க மண். முகம் கடுகடுவென்று இருந்தது.

"ஜன்னல்லேருந்து கத்திப் பார்த்தேன். காதுல பாட்டை மாட்டிக்கிட்டு வெட்டறான் இவன். அதான் இறங்கி வந்துட்டேன்."

"தனியாவா மாமா? ரெண்டு படி இருக்கே!"

"பின்ன, பல்லக்குலயா வந்தேன்?"

"விழுந்திருந்தா என்ன ஆகியிருக்கும்?" என்று அவரையும் ஒரு பாட்டம் திட்டினாள். திட்டும்போதே அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"அழுகைய அப்புறம் வச்சுக்க. அரை மணி நேரமா நின்னுக்கிட்டே இருக்கேன், இவனைக் கிட்ட விட்டா பூவை வெட்டிடுவான்" என்றார் பெரியவர். "என்னம்மா உன் மண்ணு இப்படிப் பொலபொலன்னு ஆயிடுச்சு? வாக்கர் கால் உள்ள இறங்கிடுச்சு, வர மாட்டேங்குது. தூக்கி விடு."

குனிந்து பார்த்தாள். கடப்பாரை எகிறின அதே இடம். வாக்கரின் நாலு காலும் நாலு விரல் ஆழம் இறங்கியிருந்தன.